பேய் பேசக்கூடாது

நாலாவது மாடிவரை படியேறி வந்தவள் வார்டு வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். கையில் புத்தகம். கணவர் கட்டிலில் கிடந்தபடியே அவளைப் பார்த்துவிட்டார்.

“லிஃப்ட் ரிப்பேரா?”

லிஃப்ட் மெக்கானிக்காகவே காலம் தள்ளிய மனுஷனுக்குச் சாகக் கிடக்கும்போதும் அந்தக் கவலைதான்.

“நல்லாத்தான் ஓடுது.”

“அப்புறம் ஏன் படியில வந்த?”

அவள் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். “எல்லாம் இந்தக் கண்றாவியாலதான்.”

ஓய்வு பெற்ற பிறகு அவர் எழுதிய ஒரே நாவல் அது. ஓர் ஆஸ்பத்திரியில், யாரும் பொத்தானை அழுத்தாத மாடியில் லிஃப்ட் நிற்கிறது. கதவு திறக்கிறது, வெளியே ஒருவரும் இல்லை. கதவு மூடியதும் பாரம் அதிகம் என்று மணி அடிக்கிறது. உள்ளே இருப்பதோ ஒரே ஒரு ஆள்.

படித்தவர்கள் எல்லாரும் பிரமாதம் என்றார்கள். அவர் ஒருவரையும் நம்பவில்லை. மனைவி என்ன சொல்வாள் என்றுதான் காத்திருந்தார். விருந்துக்குப் போன வீட்டிலேயே குழம்பில் உப்பில்லை என்று சொல்லிவிட்டு வருகிறவள் அவள். ‘நீதிபதி’ என்று அவர்தான் பட்டப்பெயர் வைத்தார். ஆனால் பேய்க்கதை என்றால் அவள் காத தூரம் ஓடுவாள். இனி நாள் கணக்குத்தான் என்று டாக்டர் கைவிரித்த பிறகே பல்லைக் கடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். இன்று காலையில்தான் முடித்தாள்.

“பயந்துட்டியா?” அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“கொஞ்சநஞ்ச பயமா? கீழ லிஃப்ட் கதவு தொறந்துச்சு. உள்ள யாருமில்ல. திரும்பிப் பார்க்காம படியேறிட்டேன்.”

அவர் சிரித்தார். இருமல் வந்தது. அடங்கியதும், “மிச்சத்தையும் சொல்லு” என்றார்.

இதோடு நிறுத்திக்கொண்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. போகப்போகிற மனுஷனிடம் ஒரு பொய் சொன்னால் குடியா முழுகிவிடும்? ஆனால் அவர் கண் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. இதில் பொய் சொன்னால், படியேறி வந்ததையும் அவர் நம்பமாட்டார்.

“முடிவு சரியில்ல.”

“எந்த இடம்?”

“பேய் வாயைத் தொறந்த இடம். அது சும்மா இருந்தவரைக்கும் உசுரக் கையில புடிச்சுக்கிட்டுப் படிச்சேன். அப்புறம் அவன் என்ன பண்ணான், இவன் என்ன பண்ணான்னு பக்கம் பக்கமா பொலம்புது. பேய் பேசக்கூடாதுங்க. பேசினதும் பயம் போயிருச்சு, பாவமாயிருச்சு.”

“உன்ன மாதிரி பேச வச்சேன். அதுவே பயமா இருக்கும்னு நெனச்சேன்.”

அவள் அவர் கையில் செல்லமாக ஓர் அடி வைத்தாள். பிறகு அந்தக் கையை விடவில்லை. “ஆனா முதல் பாதி... கிரீஸும் அழுக்குமா வீட்டுக்கு வந்த இந்தக் கையா இத எழுதிச்சுன்னு எனக்குப் பெருமை தாங்கல.”

“எல்லாம் நல்லாருக்குன்னவன் எவனும் படிச்சிருக்க மாட்டான்” என்றார் அவர். “நீ படிச்சிருக்க.”

முகத்தில் அப்படி ஒரு திமிர். அந்தத் திமிரோடுதான் மத்தியானம் கண்ணை மூடினார். பிறகு திறக்கவில்லை.

மறுநாள் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். அவரோடு வேலை பார்த்த ‘ஸ்பேனர்’ வந்தார். ஆள் மலை மாதிரி. லிஃப்ட் குழிக்குள் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டே ஜோக் அடிப்பவர்.

“அண்ணன் புத்தகம் பிரமாதம் அண்ணி” என்று விம்மினார். “அதுவும் அந்த முடிவு இருக்கே!”

அழுகையை மீறிக்கொண்டு அவளுக்குக் கோபம் வந்தது.

“முடிவுதான் சொதப்பல். நீங்க படிக்கவே இல்ல.”

நாத்தனார் அவள் தோளைத் தொட்டு, “இந்த நேரத்துல எதுக்கு அண்ணி இதெல்லாம்?” என்றாள்.

“பின்ன எந்த நேரத்துல? என் புருஷன் எழுதினது. நல்லாருக்கற இடம் எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு நல்லாருக்குன்னு சொல்லட்டும்.” எழுந்து போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து ஸ்பேனர் கையில் திணித்தாள்.

வண்டி வர நேரமிருந்தது. ஸ்பேனர் தலையைக் குனிந்துகொண்டு மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தார்.

ஆட்கள் வந்தார்கள். அவள் ஒவ்வொருவரோடும் அழுதாள். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூலையைப் பார்த்தாள். யாரோ நீட்டிய தண்ணீரை ஸ்பேனர் கவனிக்கவில்லை. பக்கத்தைப் புரட்டினார். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, தரையில் இருந்த இரண்டு கால்களையும் மெல்லத் தூக்கி நாற்காலியின்மேல் மடக்கி வைத்துக்கொண்டார்.