கூரன்பர்ன் மண்டபத்துப் பக்கக் கதவு

ஆஸ்திரேலியாவில் கூரன்பர்ன் என்ற ஊரின் மண்டபத்தில் ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. அந்த ஐந்து வருடத்தில் சுட்டவனைப் பற்றி மூன்று புத்தகங்களும் அறுபதுக்கு மேல் ஆய்வுக் கட்டுரைகளும் வந்துவிட்டன. அவன் எந்தத் தளத்தில் என்ன எழுதினான், யாருடைய பேச்சைக் கேட்டான், அவன் அப்பா எப்படிப்பட்டவர் என்று எல்லாமே அலசப்பட்டன. அவன் மண்டைக்குள் அத்தனை பேர் போய்விட்டு வந்தார்கள். செத்தவர்கள் நின்ற இடத்தில் ஒருவரும் போய் நின்று பார்க்கவில்லை.

இதைத்தான் தமரா வுகோவிச் தன் பேராசிரியை ஹெஸ்டரிடம் சொன்னாள். தமரா மெல்பர்ன் பல்கலைக்கழகம் ஒன்றில் பயங்கரவாதம் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். அதற்கு முன் பதினோரு வருடம் ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவள். அன்று கூரன்பர்னுக்கு இரண்டாவதாகப் போய்ச் சேர்ந்த வண்டி அவளுடையது. பக்கக் கதவருகே ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்த நான்கு பேரைத் தூக்கியவள் அவள்தான்.

"தப்பிச்சவங்க பதினாலு பேரு இருக்காங்க. அதே மண்டபத்துல, அவங்கவங்க நின்ன இடத்துல நிக்க வைக்கப் போறேன். அவன் சுட்ட அந்த ஒன்றரை நிமிஷத்தை அவங்க உடம்பாலயே நடந்து காட்டட்டும். கேள்வித்தாளே கிடையாது."

ஹெஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். "நெறிமுறைக் குழு உன்னை உயிரோட தோலுரிச்சிரும். போன வாரம்தான் மேடையில நின்னு, புதுசா யோசிங்க, பழசை உடைங்கன்னு இளம் ஆய்வாளர்களுக்கு முழங்கிட்டு வந்தேன். இப்ப உன்னை வேண்டாம்னு சொன்னா நான் என்ன மனுஷி? செய். ஆனா ஒண்ணு, உடைக்கும்போது எது உடையும்னு நமக்கு முன்னாடியே தெரியாது."

குழு இரண்டு முறை மறுத்தது. மனநல ஆலோசகர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் எந்த நேரமும் விலகிக்கொள்ளலாம் என்ற நிபந்தனைகளோடு மூன்றாம் முறை சம்மதித்தது. மண்டபத்தை இடிக்க நாள் குறித்திருந்தார்கள். அதற்கு ஒன்பது நாள் முன்பு, பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில், பதினோரு பேர் வந்தார்கள்.

பன்னிரண்டாவதாகக் கெல்வின் ஸ்டாக்டேல் உள்ளே நுழைந்தபோது பேச்சு சட்டென்று நின்றது.

கெல்வின் மாட்டுச் சந்தையில் ஏலம் கூறியவர். இப்போது யாரும் அவரை ஏலத்துக்குக் கூப்பிடுவதில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் பக்கக் கதவு வழியாக முதலில் வெளியே ஓடியவர் அவர். அதன் பிறகு அந்தக் கதவு திறக்கவில்லை. விசாரணை அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரே வரி: "வெளியே இருந்த நபர் கதவைத் தள்ளி மூடிப் பிடித்திருந்ததாகத் தெரிகிறது." அவரும் விசாரணையில், "ஆமாம், தள்ளினேன். தோளைக் கொடுத்துத் தள்ளினேன்" என்றே சொல்லியிருந்தார். அதற்குமேல் அவருக்கு எதுவும் ஞாபகமில்லை. ஊர் அவரை விட்டுவைக்கவில்லை. அவர் நாய்க்கு விஷம் வைத்தார்கள். ஒருமுறை பெட்ரோல் நிலையத்தில் வைத்து விலா எலும்பை உடைத்தார்கள்.

"இவன் எதுக்கு வந்தான்?" என்றான் டாரல் ஓக்கன்டன். கதவருகே செத்த நான்கு பேரில் ஒருவன் அவனுடைய தம்பி கிளென். டாரல் தச்சன். கையெல்லாம் நரம்பு.

"நான்தான் கூப்பிட்டேன்" என்றாள் தமரா. "அவரும் இங்க இருந்தவருதானே."

"இருந்தாரா? ஓடினாருன்னு சொல்லு."

கெல்வின் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

அடுத்த சிக்கல், சுட்டவன் இடத்தில் யார் நிற்பது என்பது. தமரா ஒரு கம்பில் கோட்டை மாட்டி நிறுத்திவிடலாம் என்று நினைத்திருந்தாள். கோழி ஆலையில் வேலை பார்க்கும் சா லேர்மூ முன்னால் வந்தார். பர்மா எல்லை முகாமிலிருந்து வந்து குடியேறிய கரென் இனக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. அந்தக் குடும்பங்களை வரவேற்கத்தான் அன்றைக்கு ஊரே விருந்து வைத்திருந்தது. அவர் மனைவி பாதூவை அவன் சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுட்டான்.

"நான் நிக்கிறேன். மேசைக்கு அடியில கிடந்து அவன் காலையே பாத்துக்கிட்டு இருந்தேன். எங்க நின்னான், எங்க திரும்பினான்னு எனக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது."

"அப்பா, வேணாம்பா" என்றாள் மகள் சேர்நே. அப்போது பதினைந்து வயது. இப்போது இருபது. வலது கையில் மூன்று விரல்கள் நிரந்தரமாக வளைந்துபோயிருந்தன.

"வேணும்மா" என்று சொல்லிவிட்டு லேர்மூ துடைப்பக் கட்டையை எடுத்துக்கொண்டார்.

தமரா விசில் ஊதினாள். லேர்மூ முன்வாசல் வழியாக நடந்து வந்தார். அவர் நடை அவருடையதாக இல்லை. இடது கால் லேசாக இழுத்தது. கட்டையை உயர்த்தினார். "ஒண்ணு" என்றார். மேடைப் பக்கம் நின்ற பெண் பொத்தென்று உட்கார்ந்தாள். "ரெண்டு. மூணு." ஒவ்வொரு எண்ணுக்கும் கட்டை ஒரு காலி இடத்தைக் காட்டியது. அங்கே நின்றிருந்தவர்கள் உயிரோடு இல்லை. தமரா தரையில் வரைந்திருந்த சுண்ணாம்புக் கோடுகள் மட்டும் இருந்தன. ஒருத்தி வாந்தி எடுத்தாள். ஆலோசகர் அவளை வெளியே கூட்டிப் போனார். நான்காவது எண்ணில் லேர்மூ சோற்று மேசை இருந்த இடத்தில் நின்றார். கட்டையைக் கீழ்நோக்கித் திருப்பினார். தன் மனைவி விழுந்த இடத்தை நோக்கி, "நாலு" என்றார். பிறகு இன்னொரு முறை, "அஞ்சு. அவளுக்கு ரெண்டு தடவை."

மிச்சமிருந்தவர்கள் பக்கக் கதவை நோக்கி ஓடினார்கள். யாரும் ஓடச் சொல்லவில்லை. நடந்து காட்டுங்கள் என்றுதான் தமரா சொல்லியிருந்தாள். ஆனால் உடம்பு தானாகவே ஓடியது. பழைய கதவில் குண்டு பாய்ந்த தடயம் இருந்ததால் போலீஸ் அப்போதே கழற்றிக்கொண்டு போய்விட்டது. இப்போது இருப்பது பழைய மர நிலையிலேயே மாட்டிய புது இரும்புக் கதவு, வெளிப்பக்கம் திறப்பது. கெல்வின் முதலில் வெளியேறி, கதவு சாத்திக்கொண்டதும் வெளியில் நின்று தோளைக் கொடுத்துத் தள்ளினார். அன்று செய்ததை அப்படியே செய்தார்.

தான் நின்ற இடத்தை விட்டு, தன் தம்பி நின்ற கோட்டில் டாரல் நின்றிருந்தான். கதவின் மறுபக்கத்திலிருந்து வந்த அந்தத் தள்ளலைக் கையில் உணர்ந்ததும் அவனுக்கு வெறி பிடித்தது. உதைத்துத் திறந்து, கெல்வினின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

"இப்படித்தானே பிடிச்சே? இப்படித்தானே என் தம்பியைச் சாகக் கொடுத்தே, நாயே!"

கெல்வினின் முகத்தைக் கதவு நிலையில் மோதினான். முதல் அடியில் மூக்கு உடைந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் தமராவுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். இரண்டாவது அடியில் இரண்டு பற்கள் தரையில் விழுந்தன. கெல்வின் கையைக்கூட உயர்த்தவில்லை. குறுக்கே பாய்ந்த தமராவுக்குக் கன்னத்தில் முழங்கை விழுந்தது. சுவரில் போய் மோதினாள். வாயெல்லாம் ரத்தம். டாரல் மூன்றாவது முறை கெல்வினின் தலைமுடியைப் பற்றினான்.

"அவர் தள்ளணும்!" என்று கத்தினாள் சேர்நே. "தள்ளினாத்தான் திறக்கும்!"

டாரலின் கை நின்றது.

சேர்நே கதவருகே வந்து நின்றாள். வளைந்த விரல்களைக் கதவின் விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில், காற்றில் வைத்தாள். தன் மார்பை நோக்கி இழுத்தாள்.

"நான் இப்படி இழுத்தேன். கதவு உள்ள வந்துச்சு. இவ்வளவு திறந்துச்சு, ஒரு கை அகலம். வெளிய இருந்து இவரும் தள்ளிக்கிட்டு இருந்தாரு. அப்புறம் பின்னாடி இருந்து எல்லாரும் வந்து மோதிட்டாங்க. கதவு திரும்ப மூடிருச்சு. என் விரல் நடுவுல மாட்டிக்கிச்சு."

"இதை ஏம்மா விசாரணையில சொல்லல?" என்றாள் தமரா, வாயைத் துடைத்துக்கொண்டே.

"கதவு மூடியிருந்துச்சான்னு கேட்டாங்க. ஆமான்னேன். வெளிய இருந்து யாராவது தள்ளினாங்களான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அவ்வளவுதான் கேட்டாங்க."

கெல்வினின் மூக்கிலிருந்து ரத்தம் தரையில் சொட்டியது. டாரல் அவரை விட்டுவிட்டு நிலையைத் தடவிப் பார்த்தான். அவன் தச்சன் அல்லவா. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து உள்பக்க விளிம்பைச் சுரண்டினான். பெயின்ட் உரிந்தது. அடியிலிருந்து, ஓட்டையை அடைத்திருந்த மக்கு பொலபொலவென்று உதிர்ந்தது. பழைய கதவின் கீல் பொருந்தியிருந்த பள்ளம் தெரிந்தது. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. மூன்றும் உள்பக்கத்தில்.

மண்டபத்தின் வரைபடத்தில் வெளிப்பக்கம் திறக்கும் கதவாகக் காட்டியிருந்ததை, எப்போதோ எவனோ உள்பக்கம் திறக்கும்படி மாட்டியிருக்கிறான். அறிக்கை எழுதியவர்கள் வரைபடத்தைப் பார்த்து, தள்ளியவர் மூடினார் என்று எழுதிவிட்டார்கள்.

டாரல் சாவியைப் பையில் போட்டான். "அப்ப கதவை மூடினது யாரு?" என்றான். கேட்டவனுக்கே பதில் தெரிந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் முன்னால் நின்றவன், எல்லோரையும்விட வாட்டசாட்டமானவன், கிளென்.

டாரல் வெளியே போய்த் தமராவின் காரில் இருந்த கண்ணாடி அத்தனையையும் ஒரு கல்லால் அடித்து நொறுக்கினான். யாரும் தடுக்கவில்லை. தமரா அதற்குள் கெல்வினை மல்லாக்கச் சாய்க்காமல் முன்னுக்குக் குனியவைத்து, மூக்கில் துணியை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"அஞ்சு வருஷமா நானும் நம்பிக்கிட்டு இருந்தேன்" என்றார் கெல்வின், ரத்தத்தைத் துப்பிவிட்டு. "நான்தான் கொன்னேன்னு. அறிக்கையில இருந்துச்சு. நான் தள்ளினதும் உண்மை. அப்ப நான்தானேன்னு..." அதன் பிறகு அழுதார். நிம்மதியில் அழுததாகத் தமராவுக்குத் தோன்றவில்லை. வீணாய்ப்போன ஐந்து வருடத்துக்காக அழுதது போலிருந்தது.

பல்கலைக்கழகம் தமராவை ஆறு மாதம் நிறுத்திவைத்தது. ஆய்வில் பங்கேற்றவருக்குக் காயம், ஆய்வாளருக்கும் காயம், போலீஸ் வழக்கு வேறு. கெல்வின் புகார் கொடுக்க மறுத்துவிட்டதால் வழக்கு நிற்கவில்லை. ஹெஸ்டர் குழுவின் முன்னால் போய், "பொறுப்பு என்னுடையது" என்று எழுதிக் கொடுத்தாள். துறைத் தலைமைப் பதவியை இழந்தாள். "நீ செஞ்சது சரின்னு நான் சொல்லல. டாரலையும் கெல்வினையும் ஒரே அறையில விட்டது மடத்தனம். நம்ம ரெண்டு பேருக்குமே அது தோணாமப் போச்சே" என்று மட்டும் தமராவிடம் சொன்னாள். தமரா மறுத்துப் பேசவில்லை.

கட்டுரையில் அந்த மடத்தனத்தையும் ஒளிக்காமல் எழுதினாள். இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பின; இது ஆய்வா, நாடகமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மூன்றாவது இதழ் வெளியிட்டது. நாற்பத்தோராம் பக்கத்து வரியை நீக்குவதாக அரசாங்கத்திலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது.

கட்டுரையை அனுப்பும் முன் ஒருநாள் பகலில் டாரல் போன் செய்தான்.

"அதுல கிளென் பேரு வருதா?"

"யார் பேரும் வராது."

"ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அவனைத் தூக்கினது நீதானே? கை எப்படி இருந்துச்சு?"

தமரா நினைத்திருந்தால் பொய் சொல்லியிருக்கலாம்.

"ரெண்டு உள்ளங்கையும் கதவுல விரிஞ்சு இருந்துச்சு. தள்ளிக்கிட்டுத்தான் இருந்தான் டாரல். முதுகுல மூணு குண்டு. அவனுக்கும் கதவுக்கும் நடுவுல இருந்த ரெண்டு பொண்ணுங்க பிழைச்சது அந்த முதுகாலதான்."

"உன் காருக்குக் கண்ணாடி போட்டுத் தரணும். எப்ப வரட்டும்?" என்றான் டாரல்.