நடு முதுகுத் துண்டு

கோபம் எல்லாருக்கும்தான் வரும். டெய்லரக்காவுக்கு வந்தால் போகவே போகாது. தங்கையின் கல்யாண உடுப்பைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தைத்தவள் அவள். தங்கையோ ஒரு வார்த்தை சொல்லாமல் அதை வேறொரு தையல்காரியிடம் கொடுத்து, இடுப்பைப் பிரித்துத் தைத்துக்கொண்டாள். ஒரு தையல்காரிக்கு இதைவிடப் பெரிய துரோகம் யாராலும் செய்ய முடியாது. கல்யாணக் கூட்டத்தில் அந்த இடுப்பைப் பார்த்ததுமே டெய்லரக்கா சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டாள். அன்றோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிறகு வந்த கடிதங்களைப் பிரிக்காமலேயே கிழித்துப் போட்டாள்.

வருஷங்கள் போனபின் ஒரு நாள் தபாலில் வந்த உறை மெத்தென்று இருந்தது. மேலே தங்கையின் கோணல் கையெழுத்து. கிழிக்கப் போன விரலுக்கு உள்ளே துணி தட்டுப்பட்டது. கை நின்றுவிட்டது. துணியைத் தொட்டுப் பார்க்காமல் விடுவது அவளால் ஆகிற காரியமா?

உள்ளே திரைச்சீலையின் மூலை ஒன்று இருந்தது. எழுத்து என்று ஒரு வரி கூட இல்லை. டெய்லரக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் வெளுத்துப் போயிருந்தது.

"மேற்கு ஜன்னல்," என்றாள். கடையின் முன்பாதியில் துணி தேய்த்துக்கொண்டிருந்த இஸ்திரிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னக்கா?"

"சாயங்கால வெயில் நேரா உள்ள அடிக்கிற வீடா பார்த்துப் பிடிச்சிருக்கா, புத்திசாலி. நமக்கென்ன?"

நமக்கென்ன என்றவள் துண்டை மேஜை இழுப்பறையில் பத்திரப்படுத்தினாள்.

அடுத்து வந்தது ஒரு சமையல் மேலங்கியின் பை. அதன் தையலுக்குள் மாவு இறுகிக் கிடந்தது. வீட்டில் ஒரு நாள் பிசைகிற மாவு அப்படி ஏறாது. தங்கை ரொட்டிக் கடையில் வேலைக்குப் போகிறாள் என்று டெய்லரக்கா கண்டுபிடித்தாள். பிறகு குடைத்துணி ஒன்று. அப்புறம் தலையணை உறையின் ஓரம், அதில் இரண்டு விதமான நூல். முதலில் தைத்தது யார், பிரிந்ததும் மறுபடி தைத்தது யார் என்று அவள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள். இரண்டாவது தையல் ஆம்பிளைத் தையல். அப்படியானால் மாப்பிள்ளை ஊசி பிடிக்கிறவர். பரவாயில்லையே!

துண்டுகள் சேர்ந்தன. தங்கை கத்தரியைக் கண்ணை மூடிக்கொண்டுதான் பிடிப்பாள் போலிருக்கிறது. ஒன்று முக்கோணம், ஒன்று பிறை, ஒன்றுக்கு வடிவமே கிடையாது. சதுரமாக நறுக்கிச் சேர்த்திருந்தால் அழகான ஒட்டுப்போர்வை ஆகியிருக்கும். ஆனால் நறுக்கினால் வெளுத்த ஓரம் போய்விடும், மாவு ஏறிய தையல் போய்விடும். அதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. பழைய படுக்கை விரிப்பு ஒன்றை அடித்துணியாக விரித்து, வந்தது வந்தபடி ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றித் தைத்தாள். இடையில் விழுந்த சந்துகளைத் தன் அலமாரித் துணியால் அடைத்தாள். இணைப்புத் தெரியாமல் மேலே சங்கிலித் தையலும் மீன்முள் தையலும் போட்டாள். வாழ்நாள் முழுக்க அளவுநாடாவோடு குடும்பம் நடத்தியவளுக்கு இந்தக் கோணல் முதலில் கையை உறுத்தியது; போகப்போக ருசி கண்டுவிட்டது.

"இது என்ன கிறுக்குப் போர்வைக்கா?" என்றார் இஸ்திரிக்காரர்.

"அனுப்புறவ கிறுக்கு. தைக்கிறவ அவளுக்கு அக்கா. வேற எப்படி இருக்கும்?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சட்டைத் துண்டு வந்தது.

நீலக் கட்டம் போட்ட துணி. டெய்லரக்கா விரலால் தடவிப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. துண்டை இஸ்திரிக்காரரிடம் நீட்டினாள்.

"புதுசுக்கா. கடைக் கஞ்சி கூடப் போகல. ரெண்டு தடவை போட்டிருந்தா அதிகம்."

"எந்த இடத்துத் துணி இது?"

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முதுகு. நட்ட நடு முதுகு."

கிழிந்த சட்டையை வெட்டலாம், சாயம் போனதை வெட்டலாம். புத்தம்புதுச் சட்டையின் நடு முதுகில் யார் கத்தரி வைப்பார்கள்? போட ஆள் இல்லாவிட்டால்தான் வைப்பார்கள். இஸ்திரிக்காரர் சூடேறிய பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

"கடையைப் பார்த்துக்கோங்க," என்றாள். உறையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினாள். அதை எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

பேருந்தில் அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடப்பிறந்தவள் தாலி அறுந்து நிற்கிறாளா என்பதைக்கூடத் துணியைத் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஓர் இடுப்பு! ரெண்டு விரற்கடை இடுப்புக்காக இத்தனை வருஷம்!

உறையில் எழுதியிருந்த தெருவைத் தேடிப் பிடித்தாள். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மேற்கு பார்த்த ஜன்னலில் ஒரு மூலை இல்லாத திரைச்சீலை தொங்கியது. கதவைத் தட்டினாள்.

பனியனோடு வந்து திறந்தார் மாப்பிள்ளை. கல்லுக்குண்டு போல இருந்தார்.

"வாங்க அண்ணி," என்றார். "உங்க தங்கச்சி சொன்னா, இதுக்கு வந்துடுவீங்கன்னு. நான் நம்பல. எனக்கு ஒரு சட்டை நஷ்டம்."

டெய்லரக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன.

"எங்க அவ? எங்கடி போன? உயிரோட இருக்கிற மனுஷன் சட்டையில கத்தரி வைப்பியாடி, பாவி!"

கையெல்லாம் மாவோடு தங்கை ஓடி வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு.

"திரையை அனுப்பினேன், நீ வரல. குடை, தலகாணி, எதுக்கும் வரல. வேற என்னக்கா பண்ணுவேன்?"

"ஒரு வரி எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"எழுதினா நீ கிழிப்ப. துணியை நீ கிழிக்க மாட்ட."

மாப்பிள்ளை மெல்ல நழுவித் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

உள்ளே கட்டிலில் உட்கார்ந்து தங்கை போர்வையை விரித்தாள். தன் துண்டுகளைக் கண்டதும் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சிரித்தாள். "மாவை வச்சே கண்டுபிடிச்சியா? அடேயப்பா!" என்றாள். பிறகு அவள் கை இடையில் இருந்த மற்றத் துணிகளுக்கு நகர்ந்தது. அவளும் தையற்கடையில் வளர்ந்தவள்தானே. பழுப்புத் துணி, பச்சைப் பூப்போட்டது, மங்கிய கோடு போட்டது. ஒன்றுவிடாமல் பார்த்தாள். சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

"அக்கா, இது எல்லாமே நான் இருந்தப்பவே நம்ம வீட்டில இருந்த துணி."

டெய்லரக்கா போர்வையின் ஓரத்தை இழுத்து மடிக்கப் பார்த்தாள்.

"புதுசா ஒண்ணு கூட இல்லையே. ஒரு சேலை, ஒரு தலகாணி உறை, ஒண்ணுமா வாங்கல? இத்தனை வருஷமா உனக்கு ஒண்ணுமே நடக்கலையாக்கா?"

எதையாவது சொல்லி மழுப்பத்தான் பார்த்தாள் டெய்லரக்கா. கடை இருக்கிறது, வாடிக்கை இருக்கிறது, வேலைக்குக் குறைவில்லை.

"நடக்கலடி," என்றாள். "நீ போனப்புறம் ஒண்ணுமே நடக்கல."

தங்கை எழுந்து போய் வாசல் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு வந்தாள். "இந்தத் தடவை உன்னைச் சாப்பிடாம எழுந்து போக விடமாட்டேன்," என்றாள்.