கிளேபர்னில் நின்ற ஃபால்கன்

"மூணு எஞ்சின் வெச்சிருக்க. அப்பவும் எங்க வாலைப் பாத்துக்கிட்டேதான வர்ற?"

வெண்டல் ப்ரூயிட் சொன்னதும் டீட்டர்பரோ விமான நிலையத்தின் விமானிகள் ஓய்வறையில் சிரிப்பு எழுந்தது. ஃபால்கன் ஜெட் ஓட்டும் கஸ் லிண்ட்க்விஸ்ட் மட்டும் பாப்கார்னை வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"ஒண்ணு நின்னாலும் எனக்கு ரெண்டு மிச்சம் இருக்கு. உனக்கு ஒண்ணு நின்னா ஜெபம்தான்."

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருங்க" என்றாள் க்ளோபல் ஜெட் ஓட்டும் ரெனாட்டா, சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியபடி. "நீங்க வந்து சேர்றதுக்குள்ள நான் லண்டன் போய் இறங்கி, சாப்பிட்டுத் தூங்கியே எழுந்திருப்பேன்."

மற்ற நாளாக இருந்தால் வெண்டல் பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பார். தன் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட்டைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை கேட்டால் சட்டைக் கையை மடித்துவிடுகிற ஆள் அவர். இன்று மனசு அதில் இல்லை. கண் ஜன்னலுக்கு வெளியே, வாசலில் வந்து நிற்கப்போகும் கறுப்புக் காருக்காகக் காத்திருந்தது.

காரில் வரப்போகிறவர் லொரெய்ன் ஹாஸ்கெட். விதை கம்பெனி முதலாளியம்மா. வெண்டல் ஓட்டும் ஜெட் அவருடையது. இன்று மாலைக்குள் அவர் ஒரு கையெழுத்துப் போடப்போகிறார், பெரிய முன்பணத்தோடு. எந்த ஆதாரத்தில்? வெண்டலின் வாய்ச்சொல்லில்.

"வெண்டல், விமானத்தப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நீ போடுன்னா போடுறேன்" என்று போன வாரம் சொல்லியிருந்தார்.

விஷயம் இதுதான். கான்சாஸில் கிளேபர்ன் என்ற ஊரில் ஹாலோவே என்றொரு விமானக் கம்பெனி. அவர்கள் ரகசியமாக ஒரு ஜெட் செய்கிறார்கள். ஒலியின் வேகத்தை உரசிக்கொண்டு போகும். வெளியே வந்தால் இந்த ஓய்வறையில் இருக்கும் அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். முதலில் வரிசையில் நிற்பவருக்கு முதல் ஜெட். அந்த இடத்தைப் பிடிக்க ஹாலோவேக்கு முன்பணத்தோடு அனுப்பும் கடிதத்துக்குத்தான் இந்தக் கையெழுத்து.

யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. அதுதான் வெண்டலுக்கு நம்பிக்கையைக் கூட்டியது.

விமானத்தின் வாலில் எழுதியிருக்கும் எண்ணைத் தட்டினால் அது எங்கே நிற்கிறது என்று போனில் காட்டிவிடும். விமானிகள் மனைவி முகத்தைவிட அந்தத் திரையைத்தான் அதிகம் பார்ப்பார்கள். வெண்டல் பார்த்தார். கஸ்ஸின் ஃபால்கன் கிளேபர்னில் நின்றது. மறுபடியும் ஒருநாள் நின்றது. சுற்றிலும் கோதுமை வயலும் ஹாலோவே தொழிற்சாலையும் தவிர வேறெதுவும் இல்லாத ஊரில், ஒரு கோடீஸ்வரரின் ஃபால்கனுக்கு என்ன வேலை?

வெண்டலும் ஒரு சாக்குச் சொல்லி அங்கே போய் இறங்கினார். தொழிற்சாலை வரவேற்பில் ஒருவர் காபி கொடுத்துச் சிரித்தார். "புது ஜெட் பத்தி எதுவும் சொல்றதுக்கில்ல சார்" என்றார். வெண்டலுக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்போது ஒரே ஒரு உறுதி தேவைப்பட்டது. எழுந்து பாப்கார்ன் இயந்திரத்தின் பக்கம் போய் கஸ்ஸை ஓரங்கட்டினார்.

"கஸ், விளையாட்டு வேணாம். வரிசையில உன் முதலாளி எத்தனாவது?"

"எந்த வரிசை?"

"நடிக்காதய்யா. கிளேபர்ன்."

கஸ்ஸின் மெல்லும் தாடை நின்றது. "அத நான் உன்கிட்ட கேக்கணும்னு ஒரு மாசமா அலையுறேன். நீ எத்தனாவது?"

"நானா? நீதான முதல்ல போன!"

"நான் எதுக்குப் போனேன்? உன் கல்ஃப்ஸ்ட்ரீம் அங்க நின்னுச்சு, அதான் போனேன். என் முதலாளி போன்ல அதப் பாத்துட்டு, 'ஹாஸ்கெட் அம்மா பறந்துட்டாங்க, நீ என்னய்யா இங்க பாப்கார்ன் தின்னுக்கிட்டிருக்க'ன்னு என் காதைத் திருகினாரு."

"நீ போனதுக்கு அப்புறந்தான் நான் போனேன்."

"அதுக்கு முன்னாடியே ஒரு தடவ போயிருக்க, கேப்டன். அக்டோபர்ல."

கஸ் போனை நீட்டினார். திரையில் வெண்டலின் வால் எண். கிளேபர்ன். அக்டோபர்.

வெண்டலுக்கு மெதுவாக நினைவு வந்தது. ஆலங்கட்டி மழை. வழியில் மேகம் கறுத்து நின்றதால் கையில் கிடைத்த ஓடுபாதையில் இறங்கினார். அங்கேயே ஒரு சின்ன ஓட்டலில் செர்ரிப் பழப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு, மழை விட்டதும் கிளம்பினார். பக்கத்தில் ஒரு தொழிற்சாலை இருந்ததையே அவர் கவனிக்கவில்லை.

"மழைக்கு ஒதுங்கினேன்" என்றார் ஈனசுரத்தில்.

"என்னது?"

"மழைக்கு ஒதுங்கினேன்யா!"

நாற்காலியிலிருந்து ரெனாட்டாவின் குரல் வந்தது. கண்ணை இன்னும் திறக்கவில்லை. "அடப்பாவிகளா. உங்க ரெண்டு பேரையும் போன்ல அங்க பாத்துட்டுத்தான் நான் ஜெனீவா பூரா புது ஜெட் வருதுன்னு சொல்லிவெச்சேன். என் மானமே போச்சு."

கஸ்ஸுக்குச் சிரிப்பில் புரை ஏறியது. வெண்டலுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே கறுப்புக் கார் வந்து நின்றிருந்தது.

வெண்டல் அவரை ஜெட்டுக்கு அழைத்துப்போனார். படியேறும் முன்பே ஹாஸ்கெட் அம்மா கேட்டுவிட்டார். "என்ன வெண்டல், போட்டுடலாமா?"

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை பேர் தேடிப்போன பிறகு ஹாலோவே என்றைக்காவது ஒன்றைச் செய்யாமலா இருக்கும்? செய்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. வெண்டல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வேணாம் மேடம். அப்படி ஒரு ஜெட் இருக்கிற மாதிரி தெரியல. நான் மழைக்கு ஒதுங்கின எடத்துக்கு கஸ் வந்தான். அவன் வந்தான்னு நான் போனேன். அவ்வளவுதான் ஆதாரம்."

திட்டு விழும் என்று வெண்டல் எதிர்பார்த்தார். ஹாஸ்கெட் அம்மாவோ கைப்பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார்.

"காலையில ஹாலோவேலேர்ந்து பேசினாங்க. 'உங்க பைலட்டு வந்தாரு, இன்னும் ரெண்டு மூணு பெரிய எடத்துலேர்ந்தும் வந்து புது ஜெட் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. நாங்க அப்படி எதுவும் செய்யல. ஆனா இத்தனை பேருக்கு வேணும்னா செய்யலாமான்னு யோசிக்கிறோம்'னாங்க."

வெண்டல் கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ சரின்னு சொல்லியிருந்தா, இன்னிக்கே வேற பைலட் தேடியிருப்பேன்" என்றார் அம்மா, வெயிலைப் பற்றிப் பேசுவதுபோல. படியில் காலை வைத்தவர் திரும்பினார். "எவ்வளவு வேகம் வேணும்னு கேட்டாங்க. எனக்கென்ன தெரியும்? உன்னைக் கேட்டுச் சொல்றேன்னேன்."

வெண்டல் தொப்பியைத் தலையில் வைத்தார். அந்தப் பக்கம் ஃபால்கன் தன் மூன்று எஞ்சினையும் முடுக்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அதில் ஏறியிருந்த கஸ் கண்ணாடி வழியாகக் கையசைத்தார்.

"நாளைக்குச் சொல்றேன் மேடம்" என்றார் வெண்டல். "கஸ்ஸையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."