ஹாலில் நிற்கும் ஃபிரிட்ஜ்

"மிஷினுக்கும் ஒரு அளவு இருக்குல்ல. நினைச்ச நேரமெல்லாம் தொறந்து அள்ளினா அதுதான் எவ்வளவு தாங்கும்?"

"யார் அள்ளினது மாமா?"

"நான் யாரையும் சொல்லலை."

சொல்லவில்லைதான். ஆனால் என் அக்கா வீட்டுக்காரர் யாரையும் சொல்லாதபோது குரலை மட்டும் உள்ளறைப் பக்கம் திருப்பி வைப்பார். அங்கே முழங்கால் ஆபரேஷன் முடிந்த அம்மா படுத்திருந்தாள். ஐஸ் ஒத்தடம் கொடுத்தால்தான் வீக்கம் வடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் வந்த மறுநாளே, தானாகவே ஐஸ் செய்து நிரப்பிக்கொள்ளும் ஃபிரிட்ஜின் ஐஸ் டப்பா காலியானது. பிறகு நிரம்பவே இல்லை. மாமாவுக்கு அது போதும்.

"அவங்க வர்ற வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு" என்றார், புது சோபாவில் சாய்ந்தபடி.

மற்ற வீடுகளில் ஃபிரிட்ஜ் சமையலறையில் இருக்கும். இங்கே ஹாலில், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், கல்யாண மாப்பிள்ளை போல நின்றது. வந்தவர்கள் முன்னால் டம்ளரை நீட்டி ஐஸ் விழவைத்துக் காட்டுவது மாமாவுக்குத் தெரிந்த ஒரே வித்தை. அதற்காக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ட்யூப் சமையலறைக் குழாயிலிருந்து கிளம்பி, கம்பளத்துக்கடியில் ஹாலைக் கடந்து வந்தது. ஒரு தக்காளி எடுக்க அக்கா விருந்தாளிகளின் கால்களைத் தாண்டிப் போவாள்.

மாமா பழுது பார்த்தாயிற்று. ஸ்விட்சை அணைத்துப் போட்டார். பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார். மோட்டார் போய்விட்டது என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்.

நான் ஃபிரீசரைத் திறந்தேன். பட்டாணி கூழாங்கல்லாய் இறுகியிருந்தது, குளிருக்குக் குறைவில்லை. டப்பா நிறைந்தால் மேலே எழும்பி மிஷினை நிறுத்துகிற கம்பி கீழேதான் இருந்தது. ஐஸ் உறைகிற தட்டில் விரலை வைத்தேன். ஈரமே இல்லை.

"மாமா, தண்ணியே வரலை."

"குழாய் தொறந்துதான் இருக்கு. எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கு மாமா."

சமையலறையில் அக்கா இருமினாள். சிரிப்பை அவள் அப்படித்தான் மறைப்பாள்.

கம்பளத்தைத் தூக்கி, ட்யூபைத் தடவிக்கொண்டே முட்டிபோட்டு நகர்ந்தேன். பாதி ஹாலில் அது சோபாவின் காலுக்கடியில் சப்பையாகக் கிடந்தது. அம்மா வந்த அன்று காலையில்தான் அந்தச் சோபா வந்து இறங்கியது. யானை மாதிரி சோபா. அதன்மேல் மாமா.

"கொஞ்சம் எழுந்திருங்க."

"எதுக்கு?"

"மோட்டாரைத் தேடணும்."

எழுந்தார். சோபாவைத் தள்ளினேன். நசுங்கிய இடத்தை விரல்களுக்கிடையே உருட்டிவிட்டதும் ட்யூப் மெல்லச் சிலிர்த்து, தண்ணீர் ஓடியது. மாமா ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் முதல் கட்டிகள் விழுந்தன. துண்டில் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து துணிகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். முழங்கால் பளபளவென்று வீங்கியிருந்தது.

"வேணாம். மாப்பிள்ளை பொருள் மாப்பிள்ளைக்கே இருக்கட்டும். நான் என் வீட்டுக்குப் போறேன்."

அவள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. எனக்கென்று இருப்பது ஹாஸ்டலில் ஒரு கட்டில்.

"உன்னால கெடலைம்மா. சோபா கால் ட்யூபை நசுக்கிடுச்சு."

"நீ நான் பெத்த பொண்ணு, அப்படித்தான் சொல்லுவே. கெட்டுச்சுன்னு சொன்னவர் சொல்லட்டும்."

ஹாலுக்கு வந்தேன். மாமா ஒரு கையில் ஃபோனும் மறு கையில் டம்ளருமாக ஃபிரிட்ஜ் முன்னால் நின்றிருந்தார்.

"ஒண்ணுமில்லப்பா, தண்ணி வர்ற வழியில சின்ன அடைப்பு. நானே கண்டுபிடிச்சுட்டேன். இதுக்கெல்லாம் எதுக்கு மெக்கானிக்."

டம்ளரில் ஐஸ் கலகலவென்று விழுந்தது. என் கையிலிருந்த துண்டு கம்பளத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, ஃபோனை வச்சிட்டு உள்ளே வாங்க. 'உங்களால இல்லை அத்தை'ன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."