மூன்றாம் மாடிக்கு ஒரு சக்கர நாற்காலி

பத்திரிகை அலுவலகத்தில் காலமெல்லாம் அடுத்தவர் எழுத்தைத் திருத்திவிட்டு ஓய்வு பெற்ற எடிட்டருக்குக் கடைசியில் வந்து வாய்த்தது மச்சினனுடைய கிளப்பின் செய்திமடல். கோத்துவிட்டவள் மனைவிதான்.

"வீட்ல உக்காந்து பேப்பர்ல தப்பு தேடி என் உயிர எடுக்கறதுக்கு, தம்பி கிளப்புக்காவது எழுதிக் குடுங்க. இந்த வருஷம் அவன்தான் தலைவர்" என்றாள்.

தம்பிக்கு டைல்ஸ் கடை. கிளப்பில் மற்றவர்களும் ஏறக்குறைய அந்த மாதிரிதான். ஊருக்குச் சேவை செய்வதற்காக மாதம் ஒரு தடவை ஹோட்டல் மாடியில் குளிரூட்டிய அறையில் கூடுவார்கள். முதல் கூட்டத்திலேயே எடிட்டர் எல்லோரையும் அளந்துவிட்டார். பின்சுவரில் பேனர், பேனரில் அத்தனை பேருடைய முகமும். முன்னால் அதே முகங்கள், கொஞ்சம் முடி குறைந்து. முன்னாள் தலைவர் இந்நாள் தலைவருக்குக் கேடயம் கொடுத்தார். இந்நாள் தலைவர் முன்னாள் தலைவருக்குக் கேடயம் கொடுத்தார். அடுத்த வருஷம் தலைவராகப் போகிறவர் இரண்டு பேருக்கும் பூங்கொத்து கொடுத்தார். பிறகு எல்லோரும் பசியோடு சாப்பிடப் போனார்கள்.

மடலில் இரண்டே பகுதி. 'நடந்தவை', 'நடக்கவிருப்பவை'. முதல் மாதம் ஒழுங்காகத்தான் எழுதினார். யாரும் படிக்கவில்லை என்று பொருளாளர் பேச்சில் தெரிந்தது. "பிரமாதம் எடிட்டர் சார். என் போட்டோதான் கொஞ்சம் இருட்டு." எடிட்டருக்கு அந்தத் தைரியம் போதும். அடுத்த மாதம் மரம் நடும் விழாவைப் பற்றி இப்படி எழுதினார்: "சென்ற ஆண்டு நட்ட அதே குழியில் இந்த ஆண்டும் கன்று நடப்பட்டது. சென்ற ஆண்டுக் கன்று என்ன ஆயிற்று என்று கேட்டு யாரும் விழாவைக் கெடுக்கவில்லை." அச்சாகி வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எடிட்டர் தனக்குத் தானே சிரித்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு மடல் வேலை அவருக்குக் கசக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சக்கர நாற்காலி வந்தது.

ரயில்வே லைனை ஒட்டிய பழைய அடுக்குமாடி ஒன்றில், மூன்றாம் மாடியில், டியூஷன் டீச்சர் ஒருத்தி தனியாக இருந்தாள். படிக்கட்டில் கைப்பிடிக் கம்பி துருப்பிடித்து விழுந்து வெகுகாலம் ஆயிற்று. மழைநாளில் அந்தப் படியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது; கோலை ஊன்றி வீட்டுக்குள் நடந்தாள். ஆனால் பிடிப்பில்லாத படியில் இறங்கத் தைரியம் வரவில்லை. படிக்கிற பிள்ளைகள் மேலே வந்தார்கள். காய்கறியும் மேலே வந்தது. அவள்தான் கீழே வரவில்லை. யாரோ சொல்லிக் கிளப்புக்கு மனுப் போட்டாள், படிக்கு ஒரு கம்பி போட்டுத் தரும்படி.

கிளப் ஒரு சக்கர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனது.

தலைவர், செயலாளர், பொருளாளர், போட்டோகிராபர், பின்னால் எடிட்டர். நாற்காலியைத் தூக்க இரண்டு கூலியாட்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் செயலாளர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "இந்தப் படில எப்படித்தான் ஏறி எறங்குறாங்களோ" என்று பொருளாளர் வருத்தப்பட்டார். அந்த வருத்தம் அடுத்த திருப்பத்தோடு தீர்ந்துபோனது.

டீச்சர் கதவைத் திறந்து நாற்காலியைப் பார்த்தாள். "நான் கேட்டது கம்பிங்க."

"கம்பி யார் வேணா போட்டுக் குடுப்பாங்கம்மா" என்றார் தலைவர். "இது வெளிநாட்டு மாடல். முதுகுல நம்ம கிளப் பேரு இருக்கு பாருங்க."

"இத வச்சுக்கிட்டு நான் எப்படிக் கீழ போறது?"

"கீழ எதுக்கும்மா போகணும்? வீட்டுக்குள்ளயே தாராளமா சுத்தி வரலாமே."

வீடு என்றால் ஒரு அறை, ஒரு சமையலறை. நாற்காலி நுழைந்ததும் கூலியாட்கள் வெளியே போக வேண்டியிருந்தது. போட்டோகிராபர் கெஞ்சியதால் டீச்சர் அதில் உட்கார்ந்தாள். சுற்றி நின்று எல்லோரும் அதன் கைப்பிடியை ஆளுக்கொரு விரலால் தொட்டார்கள். படம் எடுத்து முடிந்ததும் அவள் எழுந்து, நடந்து போய், எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். சக்கர நாற்காலிக்காரி நடக்கிறாளே என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. டீ நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

எடிட்டருக்கு அந்த மாதம் தீனி போட்ட மாதிரி ஆயிற்று. "மூன்றாம் மாடியிலிருந்து இறங்க முடியாத ஓர் ஆசிரியைக்கு, மூன்றாம் மாடியிலிருந்து இறங்க முடியாத ஒரு நாற்காலி வழங்கப்பட்டது. நன்றி சொல்ல அவர் எழுந்து நின்றார்." எழுதி முடித்துவிட்டு ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு வாக்கியம் தன் கையில் விழுந்ததில்லை என்று தோன்றியது. வழக்கம்போல ஒருவரும் கவனிக்கவில்லை.

பயனாளிக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்றார் தலைவர். எடிட்டரே கொண்டுபோனார். உள்ளுக்குள் ஒரு ஆசையும் இருந்தது, ஒருத்தியாவது படிக்கட்டும்.

நாற்காலியின் மேல் துவைத்த துணி குவிந்திருந்தது. டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். சிரித்தாள். எடிட்டருக்கு மனசு குளிர்ந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க. யார் யார் படிச்சாங்க?"

"ஒருத்தரும் இல்ல. அவங்க போட்டோ மட்டும்தான் பாப்பாங்க. சுத்த ஞானசூன்யங்க."

"அப்ப இத யாருக்காக எழுதுனீங்க?"

எடிட்டர் நாற்காலியின் மேல் இருந்த துணியைப் பார்த்தார்.

"அவங்க எப்படிப்பட்ட ஆளுங்கன்னு எனக்கும் தெரியும் சார். அதச் சொல்றதுக்கு நீங்க மூணு மாடி ஏறி வரணுமா? அவங்க என்னை வச்சுப் போட்டோ எடுத்தாங்க. நீங்க என்னை வச்சு நக்கல் அடிச்சீங்க. ரெண்டு பேருக்கும் வேல முடிஞ்சுது. நான் மேலதான இருக்கேன்?"

அவர் மடலைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். "இருக்கட்டும், துணிக்கு அடில போட ஆகும்" என்று அவள் வைத்துக்கொண்டாள்.

இறங்கும்போது எடிட்டருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாய்க்கொழுப்பு பிடித்தவள், இவளுக்கெல்லாம் எவன் செய்வான் என்று முணுமுணுத்தபடி சுவரோடு ஒட்டி ஒட்டி இறங்கினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் செருப்பு வழுக்கியது. பிடிக்க ஒன்றும் இல்லாமல் அந்தப் படியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றுமில்லை. ஆனால் எழுந்திருக்கப் பயமாக இருந்தது. கீழிருந்து ஏறி வந்த யாரோ ஒரு பெண்மணி கை கொடுக்கும்வரை அங்கேயே இருந்தார்.

வீட்டில் மனைவி தட்டு வைத்தாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்ன, ருசி இல்லையா?"

"உன் தம்பிய எனக்குப் பிடிக்கல."

"அது கல்யாணத்துலேர்ந்து தெரிஞ்ச விஷயம்தான. சாப்பிடுங்க."

அடுத்த மடலில் அவர் நக்கல் எதுவும் எழுதவில்லை. படத்தைத் தவிர எதையும் பார்க்காத கூட்டம் என்பதால் படத்தையே பிடித்துக்கொண்டார். முதல் பக்கம் முழுக்கத் தலைவர் படம். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில்: "படிக்கட்டு நாயகர்! சென்ற கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானித்தபடி, டீச்சர் வீட்டுக் கட்டடத்தில் கீழிருந்து மேல்வரை கைப்பிடிக் கம்பி. நமது தலைவரின் கனவுத் திட்டம்."

காலையிலேயே போன் வந்தது. "அத்தான், இத எப்ப தீர்மானம் போட்டோம்?"

"போன கூட்டத்துலதான். நீ யார்கூடவோ போன்ல பேசிக்கிட்டே கையத் தூக்குன."

போனில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "ஆமா ஆமா. ஞாபகம் இருக்கு. போட்டோ நல்லா வந்திருக்கு அத்தான்."

அடுத்த கூட்டத்தில் எல்லோருக்குமே ஞாபகம் இருந்தது. அதை வழிமொழிந்ததே தான்தான் என்றார் செயலாளர். தான் அப்போதே ஆட்சேபித்ததாகவும், ஒருவரும் காது கொடுக்கவில்லை என்றும் பொருளாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். எடிட்டர் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தினால் சிரிப்பு வந்துவிடும்.

கட்டடத்துச் சொந்தக்காரர் தன் கைக்காசு போகாது என்றதும் சம்மதித்தார். பட்டறையிலிருந்து வெல்டர்கள் வந்து கம்பி போட்டார்கள். கிளப்பின் நிறத்திலேயே பெயின்ட் அடித்தார்கள். மாடிக்கு ஒரு பலகை. பலகைக்கு ஒரு பட்டாளம் பெயர்கள்.

திறப்பு விழா அன்று கீழ்ப்படியில் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தது. சிறப்பு விருந்தினர் வந்துகொண்டே இருந்தார். கட்டடத்தில் குடியிருப்பவர்கள் பையும் குடமுமாகத் தெருவில் நின்றார்கள். வெட்டும்வரை யாரும் ஏறக் கூடாதாம். மைக்கில் செயலாளர் சேவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அப்போது மேலிருந்து கோல் தட்டும் சத்தம் கேட்டது. டீச்சர் இறங்கி வந்தாள். ஒரு கையில் கோல், ஒரு கை கம்பியில். வெறுங்கால். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, கம்பியை ஆட்டிப் பார்த்துவிட்டு அடுத்த படிக்கு வந்தாள். ரிப்பன்வரை வந்து நின்றாள்.

"இதக் கொஞ்சம் அவுக்கறீங்களா?"

"அம்மா, ஒரு அஞ்சு நிமிஷம்" என்றார் தலைவர். "சீஃப் கெஸ்ட் வந்துடுவார். நீங்கதான் முதல்ல நடக்கப் போறீங்க, படம் எடுக்கணும்."

"நடந்துதான வந்திருக்கேன்."

கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள். ரிப்பனின் நுனியைத் தலைவர் கையில் கொடுத்தாள். அவரும் வாங்கிக்கொண்டார். போட்டோகிராபர், "சார், எடுக்கவா?" என்றான். "வேணாம், இரு" என்றார் தலைவர்.

எடிட்டர் அவள் பின்னாலேயே தெருவுக்கு வந்தார். "எங்க போறீங்க?"

"செருப்பு வாங்க. விழுந்த அன்னிக்கு ஒண்ணு எங்கயோ போயிடுச்சு. அப்புறம் தேவப்படல."

"நானும் வரேன்."

"உங்களுக்கு அங்க வேல இல்லயா? எழுதணுமே."

"எழுதிக்கலாம். அவங்க என்ன செய்வாங்கன்னு தெரியாதா எனக்கு?"

"தெரியுதுல்ல" என்றாள் அவள். "அப்ப வாங்க. வெயில் ஏறுது."

வெயிலில் தார் சுட்டது. அவள் சுவரோர நிழலைப் பார்த்துக் கால் வைத்தாள். அவர் வெயில் பக்கமாக நடந்தார்.