வாய் பொத்திய மாப்பிள்ளை

பெண் பார்க்க வந்த அன்று சண்முகநாதன் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் கதைத்தான். "பெரியாக்களுக்கு முன்னாலை என்ன அடக்கம்!" என்று பாலேஸ்வரியின் தகப்பன் தம்பிராசா உருகிப்போனார். கலியாணமாகி மூன்று மாதமாகியும் அந்த அடக்கம் விடவில்லை. கட்டின பெண்சாதியோடு கதைக்கவும் கை வாய்க்குப் போனது. சாப்பிடும்போது முகத்தைத் திருப்பினான், படுத்தால் சுவரைப் பார்த்துப் படுத்தான். தன்னைப் பிடிக்கவில்லை என்று பாலேஸ்வரி தனக்குள் முடிவுகட்டி அழுதாள். ஆடிப்பிறப்புக்கு அளவெட்டியில் தகப்பன் வீட்டுக்குப் போனால் திருநெல்வேலி வாடகை வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று சேலைகளையும் பெட்டியில் அடுக்கிவிட்டாள்.

சனிக்கிழமை காலை கிணற்றடியில் அவன் உப்புத்தண்ணீர் கொப்பளித்துக் காறுவது கேட்டுப் போய்ப் பார்த்தாள். எதையோ உள்ளங்கையில் துப்பி, மணந்து பார்த்து, முகம் சுளித்தான். குறுநொய் அரிசி அளவில் வெள்ளையாக ஒன்று.

"என்ன உது?"

கை வாய்க்குப் போய்விட்டது. "ஒண்டுமில்லை. கிட்ட வராதையும்."

"பிடிக்கேல்லையெண்டால் நேரை சொல்லுங்கோ. நான் ஐயா வீட்டை போறன்."

அவன் திகைத்துப்போனான். "ஐயோ, உமக்கு மணக்குமெண்டெல்லோ…"

பிறகு நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். பள்ளிக்கூட நாளிலிருந்தே மாதம் தவறாமல் தொண்டை நோகும், வாய் நாறும். வகுப்பில் பக்கத்து வாங்குப் பலகையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். பல் என்று நினைத்து இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினான். வயிறு என்று பேதி மருந்து குடித்தான். மூக்குச் சளி இறங்குகிறதென்று ஆவியும் பிடித்தான்.

"போன வருசம் அருளம்பலம் டொக்டர் ரோச் லைற் அடிச்சு வாய்க்குள்ளை பாத்தவர். தொண்டையிலை ரெண்டு பக்கமும் இருக்கிற சதையிலை குழியாம். சாப்பாடும் அழுக்கும் தங்கி இறுகி இப்பிடி வெள்ளையாய் வருதாம். உப்பிடி அடிக்கடி வீங்கினால் அந்தச் சதையை வெட்டி எடுக்கவேணுமெண்டார். குரல் போயிடுமெண்டு பயத்திலை நான் திரும்பப் போகேல்லை."

பாலேஸ்வரிக்கு ஆத்திரம் வந்தது, சிரிப்பும் வந்தது. மூன்று மாதக் கண்ணீரும் இந்தக் குறுநொய்க்காகவா?

"திங்கக்கிழமை ரெண்டுபேரும் டொக்டரிட்டைப் போறம். இப்ப உதிலை இருங்கோ."

உடுப்புத் தோய்க்கிற கல்லில் வெயிலைப் பார்க்க இருத்தினாள்.

"ஆ எண்டுங்கோ."

"வேண்டாம், பாலேஸ். மணக்கும்."

"மணக்கட்டும்."

நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு மெல்ல வாயைத் திறந்தான். மணக்கத்தான் செய்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை. புருசனின் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மேலுதட்டில் ஒரு சின்ன மச்சம் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் திறவுங்கோ" என்று குனிந்தாள்.