தாளின் அடியில்

தாடையைக் கட்டுவதற்குக் கிழித்த துணி நூல் நூலாய்ப் பிரிந்துபோயிற்று. பெரியவன் தன் வேலைப்பையைத் திறந்து, புத்தக முதுகில் வைத்து ஒட்டும் நாடாவில் இரண்டு முழம் வெட்டினான். தந்தையின் மோவாய்க்கடியில் கொடுத்து உச்சியில் முடிந்தான். முப்பதாண்டு நீதிமன்ற வாசலில் நின்று வழக்காளிகளின் பெயரைக் கூவிய வாய் ஓசையின்றி மூடிக்கொண்டது.

"அழுத்திக் கட்டாதடா, அவருக்கு வலிக்கும்" என்றாள் அம்மா. பிறகு தான் சொன்னதை உணர்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

காலையில்தான் உயிர் பிரிந்திருந்தது. பிரியுமுன், நீதிமன்ற வழக்கப்படியே மும்முறை அழைத்தார்: "வக்கீலு... வக்கீலு... வக்கீலு..." பள்ளியில் சேருமுன்பே இளைய மகனுக்கு அவர் இட்ட பெயர் அது. இளையவன் அப்போது பேருந்தில் வந்துகொண்டிருந்தான். "நான் இருக்கேன்பா" என்று பெரியவன் கரண்டியில் தண்ணீரை நீட்டினான். அவர் கண் திறந்து பார்த்தார். ஆள் மாறி வந்த வழக்காளியை வெளியே அனுப்புவதுபோல் கையை அசைத்தார். தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

நீதிமன்றக் கதவு திறக்கையில் கண்டும், மூடுகையில் கைகட்டியும், வாசலோடு நின்றுவிட்ட அடியவர் அவர். தம் குருதியில் ஒருவன் கறுப்பு அங்கி அணிந்து உள்ளே புகவேண்டும் என்பதே அவர் வேண்டிய ஒரே வரம். அதற்காகப் பெரியவனை எட்டாம் வகுப்போடு புத்தகம் கட்டும் பட்டறைக்கு அனுப்பினார். இளையவனின் சட்டக் கல்லூரிக்குக் கடன் வாங்கினார். ஐந்தாண்டுகளாகப் பெரியவனின் கூலியில் பாதி தவணைக்குப் போயிற்று. பட்டறையில் அவனைப் 'பசை' என்பார்கள். எந்த வேலையைக் கொடுத்தாலும் அதை விட்டு எழமாட்டான்.

இளையவன் வந்தான், தந்தையின் காலடியில் அழுதான். பிறகு முகம் கழுவிக்கொண்டு அண்ணனைச் சமையலறைக்குள் அழைத்துப்போனான்.

"கடன்காரர் வருவாரு. நீ வாயத் திறக்காத, நான் பேசிக்கிறேன். அப்பா பேர்ல இருக்கற கடன, அவர் விட்டுட்டுப் போன சொத்துலதான் கேக்கமுடியும். நம்மகிட்ட என்ன இருக்கு? வாடகை வீடு, ரெண்டு கட்டிலு."

"அப்ப மீதி?"

"அவரோட போச்சு."

பெரியவன் அடுப்புமேடையைப் பிடித்துக்கொண்டான். பட்டறைத் தெருக்கோடியில் பழைய தாள்வெட்டும் இயந்திரம் ஒன்று விலைக்கு நின்றது. இரண்டு வருடமாக அதன் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவான். பிணம் கிடக்கும் வீட்டில் மகிழ்ச்சி எழுந்ததே என்று வெட்கினான். வெட்கியும் அது அடங்கவில்லை.

"நீ படிச்சது எதுக்குன்னு இன்னிக்குத்தான்டா எனக்குப் புரியுது" என்றான்.

கடன் கொடுத்தவர் பதினோரு மணிக்கு வந்தார். செருப்பைச் சேர்த்துக் கழற்றி வைத்து, இறந்தவரை வணங்கி, "தங்கமான மனுஷன்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீரில் பொய் இல்லை.

இளையவன் எழுந்து நின்று சட்டத்தை அடுக்கடுக்காய்ச் சொன்னான். இனி இந்த வீட்டுப் பக்கம் வந்தால் நடப்பது வேறு என்றான். பெரியவனுக்கு மெய் சிலிர்த்தது. அப்பா இதைக் கேட்டிருக்கவேண்டும் என்று நினைத்தான்.

வந்தவர் பொறுமையாகக் கேட்டு முடித்தார். "நல்லாப் பேசுறீங்க தம்பி. நான் குடுத்த காசு வீண்போகல." பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து நீட்டினார். "இதையும் ஒருதடவ பாத்துருங்க."

முதல் தாள் முடியுமுன்பே இளையவனின் காதுமடல் சிவந்தது. மூன்றாம் தாளில் நெடுநேரம் நின்றான்.

"அண்ணா, இது உன் கையெழுத்தா?"

"ஆமா. சாட்சிக் கையெழுத்து. அப்பா போடச் சொன்னாரு."

"சாட்சி அப்பா. கடன் வாங்கினது நீ."

"நான் எப்படா வாங்கினேன்?"

"படிச்சுப் பாக்கலயா?"

அவன் படிக்கவில்லை, பார்த்திருந்தான். பட்டறையில் நாளொன்றுக்கு ஆயிரம் தாள் கையில் ஓடும். எழுத்தை வாசிப்பவனுக்கு அங்கே வேலை முடியாது. தாளின் அடியில் எண் வரிசையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் தட்டி அடுக்கவேண்டும். அன்றும் அப்படித்தான் பார்த்தான். வரிசை சரியாக இருந்தது. அப்பாவின் விரல் காட்டிய இடத்தில் பெயரை எழுதினான்.

"வயசானவருக்குத் தரமாட்டேன்னு இவரு சொல்லிட்டாரு. வக்கீலு பேர்ல எழுதறதுக்கு அப்பாவுக்கு மனசு வரல..." அம்மா பாதியில் நிறுத்தினாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

அவள் பிணத்தின் போர்வையில் இல்லாத சுருக்கத்தை நீவினாள்.

பெரியவன் தம்பியின் பக்கம் திரும்பினான். "வக்கீலு, நீ சொல்லு. தெரியாமப் போட்டது செல்லாதுதானே?"

"உன் கையெழுத்துதான்னு இப்பத்தான் அவர் முன்னாடியே ஒத்துக்கிட்ட."

"நீதானடா கேட்ட!"

"இல்லேன்னா, அப்பா உன்ன ஏமாத்தினாருன்னு கோர்ட்டுல நின்னு சொல்லணும். அவர் நின்ன அதே கோர்ட்டுல. அடுத்த மாசம் நான் அங்கதான் சேரப்போறேன்." இளையவன் தாள்களின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பத்திரம் சரியாத்தான் இருக்கு."

"அவசரமில்ல" என்றார் கடன் கொடுத்தவர். "எல்லாம் முடியட்டும். அஞ்சாம் தேதி, எப்பவும்போல. அண்ணன் விடமாட்டாரு. சும்மாவா பசைன்னு பேரு?"

பெரியவன் கையை நீட்டித் தாள்களை வாங்கினான். அவற்றை வாசிக்கவில்லை. அடியிலிருந்த எண்களைப் பார்த்தான்: ஒன்று, இரண்டு, மூன்று. ஓரங்கள் ஒன்றுசேரும்படி, தந்தையின் தலைமாட்டுக் கட்டில் சட்டத்தில் நான்குமுறை தட்டினான். ஒழுங்குபட்டதும் இரு கையாலும் உரியவரிடம் திருப்பிக் கொடுத்தான்.

தட்டிய அதிர்வில் நாடாவின் முடிச்சு நெகிழ்ந்து, இறந்தவரின் வாய் ஒரு விரற்கடை திறந்திருந்தது. பெரியவன் குனிந்து முடிச்சை அவிழ்த்தான். நாடாவை இழுத்து, இறுக்கி, மறுபடி முடிந்தான். இம்முறை அம்மா ஒன்றும் சொல்லவில்லை.